அருவிக்கு அடியில் கற்ற இங்கிலீஷ்

மலைக்கு அந்தப் பக்கம் மலையாளம் பேசும் புனலூரில் பிறந்து, பிழைப்புக்காகக் கணவாய் தாண்டித் தென்காசி மரமில்லுக்கு வந்தவன் நான். தமிழே தட்டுத் தடுமாறிப் பேசிய காலத்தில் இங்கிலீஷும் படி என்றார்கள். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் ரயில் கட்டைகளுக்கு ஏகக் கிராக்கி. மில்லுக்குப் புது ரம்ப மெஷின் வந்தது, கூடவே ஒரு வெள்ளைக்காரத் துரையும் வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல் வராது. மெஷினில் நிற்பவனுக்கு நாலு சொல்லாவது இங்கிலீஷ் வேண்டும், வராதவன் ஆயுசுக்கும் மரம் இழுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கோ அந்த மெஷின்மேல் பைத்தியம். அதன் கைப்பிடியைப் பிடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சபதமே போட்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் மில் கணக்குப்பிள்ளையின் மனைவி, மெஷினுக்கு ஆசைப்பட்ட எங்கள் சிலருக்குப் பாடம் எடுத்தார். பாளையங்கோட்டையில் படித்தவர், எங்களுக்கு டீச்சரம்மா. 'ஸ்டாப்', 'ஸ்லோ', 'ஸ்டாண்ட் கிளியர்' எல்லாம் சீக்கிரமே தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. கடைசியதற்கு விலகி நில் என்று பொருள். மரம் நகரும்போது எதிரே யார் நின்றாலும் அதைச் சொல்ல வேண்டும்.

சோதனை நாளில் துரையே எதிரே வந்து நின்றார். நாங்கள் ஒவ்வொருவராகத் துண்டை இடுப்பில் கட்டி, வாயைக் கையால் பொத்தி, "ஸ்டாண்ட் கிளியர், சார்" என்று பணிவாகச் சொன்னோம். பெரிய மனுஷரிடம் வேறு எப்படிப் பேசுவது? மெஷின் இரைச்சலில் எங்கள் இங்கிலீஷ் எங்களுக்கே கேட்கவில்லை. துரை ஒருவரும் தேறவில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்பாராம், அதோடு சரியாம்.

அந்த ஞாயிறு குற்றாலத்தில் நல்ல சாரல். மெயினருவியில் நின்றபடி, கூடப் பாடம் படித்த ஆய்க்குடிக்காரச் சகாவிடம் துண்டு கேட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது, மெஷினைவிடப் பெரிய இரைச்சல் இங்கே சும்மா கொட்டுகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் துண்டையே மறந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பாடம் அருவிக்கு மாறியது. டீச்சரம்மா தூரத்தில் குடையோடு நிற்பார். நாங்கள் கத்துவது காதில் விழுந்தால் குடையை உயர்த்துவார். குளிக்க வந்தவர்கள் எங்களுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஒதுங்கினார்கள். ஆனாலும் 'சார்' வரும்போதெல்லாம் எங்கள் குரல் தானாக இறங்கிவிடும்.

"சாரெல்லாம் வேண்டாம். மரம் வந்து தொரையை நசுக்குன பொறவு மரியாதை எதுக்கு?" என்றார் டீச்சரம்மா.

மறுசோதனையில் முதல் ஆள் நான். மெஷின் உறுமியது. துரை எதிரே வந்து நின்று வேண்டுமென்றே எங்கோ பார்த்தார். துண்டு தோளிலேயே இருக்க, வாயைப் பொத்தாமல், அருவிக்கடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கத்தினேன். துரை துள்ளி விலகினார். தொப்பி மரத்தூளில் விழுந்தது. கணக்குப்பிள்ளை பதறிப்போய்த் துரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

துரை தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றார். இந்தத் தடவை என்னையே பார்த்தார். இன்னும் பலமாகக் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே விலகி, என் கையைப் பிடித்து மெஷின் கைப்பிடியில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆய்க்குடிக்காரன் என் காதருகில் வந்து, "தொரையை அதட்டுத வேலைன்னு தெரிஞ்சா ஊரே வந்து நிக்கும்லா" என்றான். பிறகு தன் முறைக்கு ஓடினான். அன்று சாயங்காலம்வரை எங்களில் ஒவ்வொருவரும் கத்தக் கத்த, துரை விலகி விலகி நின்றார்.