மீனாளின் குரலுக்கு வந்த மணி

என்னை நம்பிய ஒரு பெண்ணை நான் ஏமாற்றினேன். காரைக்குடியில் என் பக்கத்து வீட்டு மீனாள் சோறு வைத்து வளர்த்த தெருநாய் மணி, தினமும் என் வாசலில் அசிங்கம் செய்துவைக்கும்.

கருத்தடைக்கு நாய் பிடிக்கும் வண்டி வந்தபோது மணி சிக்கவில்லை.

“நீ கூப்பிடும்மா. ஆபரேஷன் முடிஞ்சதும் இதே தெருவிலதான் விடணும், அதான் சட்டம்” என்றேன் மீனாளிடம்.

“வாத்தியாரு நீங்களே சொல்றீக, அப்புறம் என்ன!”

அவள் கூப்பிட்டதும் மணி வாலாட்டிக்கொண்டு வந்தது. நான் வண்டிக்காரரைத் தனியே அழைத்து, ஆபரேஷன் முடிந்ததும் ஊருக்கு வெளியே கோவிலூர்ப் பக்கம் விட்டுவிடச் சொன்னேன்.

பத்து நாள் வாசலிலேயே காத்து நின்றவளிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன்.

“என் வாயாலயே கூப்பிட வச்சீகளே!” என்று அழுதாள்.

கோவிலூரில் மூன்று நாள் தேடினேன். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டிருந்த மணி, என்னைக் கண்டதும் வாலாட்டி ஆட்டோவில் ஏறிக்கொண்டது.

இப்போது நான் தெருவில் இறங்கினாலே, “மணி, இங்குட்டு வா” என்று மீனாள் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.