சிடி போட்டால் தானாகத் திறக்கும்

பல்லாவரத்தில் அந்த டாக்டர் நான் கொடுத்த சிடியைத் தன் கம்ப்யூட்டரில் போட்டதும் உள்ளேயிருந்து ஒரு காதல் பாட்டு கிளம்பியது. அவர் சிரித்தார். அது அப்பாவின் பாட்டு சிடி. அப்படியென்றால் அப்பாவின் ஸ்கேன் படங்களும் பயாப்சி ரிப்போர்ட்டும் உள்ள சிடி மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில், பாட்டு சிடியின் உறைக்குள் இருக்கிறது. மணி பத்தே முக்கால். பதினொரு மணிக்கு அப்பா பாட்டு கேட்க உட்காருவார்.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். வயிற்றில் சின்னக் கட்டி, மாத்திரையிலேயே கரைந்துவிடும் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தோம். "தெரிஞ்சா அந்த மனுஷன் அன்னிக்கே பாதி ஆயிடுவார்டி" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன்னால் பல்லாவரத்தில் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடலாமே என்று நான்தான் ரிப்போர்ட் உட்பட எல்லாவற்றையும் படங்களாகச் சிடியில் ஏற்றினேன். காலையில் அப்பா குளிக்கப் போன பத்து நிமிடத்தில் செய்த வேலை. டிரைவில் இருந்த பாட்டு சிடியை எடுத்து மேஜையில் வைத்தேன், வெற்று சிடியைப் போட்டேன். இரண்டும் ஒரே பாக்கெட்டில் வாங்கியவை. பாட்டு சிடியின் மேல் எழுத்து கிடையாது; அப்பா கண்ணில் படக் கூடாதென்று புதியதன் மேலும் எதுவும் எழுதவில்லை. பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் கைக்கு வந்ததைப் பையிலும் மற்றதை உறையிலும் திணித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சாதாரண வீடாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க வேண்டாம். சிடியைப் போட்டால் திரையில் ஒரு சின்னப் படம் வரும், அதை யாராவது திறக்க வேண்டும். அப்பாவுக்கு டபுள் கிளிக் வராது. கொசு அடிப்பது போல மவுஸைத் தட்டுவார். ஆனால் எங்கள் வீட்டில் நான் என்ற மேதாவி இருந்தேனே. இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எனக்கு லினக்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. வைரஸ் வராது, இலவசம், திருட்டு விண்டோஸ் சிடி வேண்டாம் என்று வீட்டுக் கம்ப்யூட்டரையும் அதற்கு மாற்றிவிட்டேன். சிடியைப் போட்டதும் 'என்ன செய்யட்டும்?' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். "இது என்னமோ கேக்குதும்மா" என்று அப்பா பயந்து எழுந்துவிடுவார். அதனால் செட்டிங்ஸில் போய் ஒவ்வொன்றாக மாற்றினேன். பாட்டு சிடியா, கேட்காமல் பாடு. படம் உள்ள சிடியா, கேட்காமல் காட்டு. அதுவும் போதாதென்று கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளாக நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, படங்கள் திரை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வருகிற மாதிரி வைத்தேன். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தின் போட்டோக்களை அப்பா அப்படிப் பார்த்துப் பூரித்துப்போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளினிக் வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா அந்த நேரத்தில் மார்க்கெட்டில் இருப்பாள். அப்பாதான் எடுத்தார்.

"என்னம்மா, ஆபீஸ்ல இல்லையா?"

"ஆபீஸ்லதாம்பா. நம்ம தெருவுல கரண்ட் ஏறி ஏறி இறங்குதாம். கம்ப்யூட்டரத் தொடாதீங்க."

"சரிம்மா. தொடல."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "மத்தியானம் சாப்பிட வர்றியா?" என்றார். வேலை நாளில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. வர்றேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

மின்சார ரயிலில் உட்கார இடம் இருந்தும் கதவருகிலேயே நின்றேன். குரோம்பேட்டையில் நின்ற வண்டி கிளம்பவே இல்லை போலிருந்தது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே கிடப்பது போல மனசு என்னென்னவோ காட்டியது. தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினால் அது ஆள் நிரம்பக் காத்திருந்தது.

"எடுங்கண்ணா, அவசரம்."

"எல்லாருக்கும்தான் அவசரம் கீதுக்கா. இன்னும் ரெண்டு பேர் வந்துகினு இருக்காங்க, இரு."

அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. அறைய வேண்டியது என்னைத்தான்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் அணைந்து, மேலே உறைத்துணி போட்டிருந்தது. பாட்டு சிடியின் உறை காலையில் நான் வைத்த அலமாரியிலேயே இருந்தது, உள்ளே சிடியும் இருந்தது. அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காததைப் பார்த்துச் சட்டென்று மாற்றிவிட்டேன். தப்பித்தோம் என்று தரையிலேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

"ஆச்சா? அப்ப ஒரு வேலை பண்ணு" என்றார் அப்பா. பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "சிடி போட்டா அதுவா தொறக்குதே, அத எடுத்துடு."

"ஏம்பா?"

"இன்னிக்குச் சீக்கிரமே உக்காந்துட்டேன். பாட்டு வரல, படம் வந்துச்சு. ரிப்போர்ட்டும் பெருசு பெருசா வந்துச்சு. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. கடைசி வரைக்கும் பாத்தேன்."

நான் போன் செய்யும்போதே அவர் பார்த்து முடித்திருந்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு பயம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"உங்கம்மா வந்துடுவா. அவ தெரியாம எடுத்துப் போட்டுடப் போறா. சீக்கிரம். அவளுக்கு இது தெரியவே கூடாது."

அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. கொடுத்திருந்த சத்தியம் தடுத்தது. எழுந்து போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஸ்கிரிப்ட்டை அழித்தேன். படம் உள்ள சிடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா என் பின்னால் நின்று, நான் சரியாகத்தான் செய்கிறேனா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா கூடையோடு வந்து, இந்த நேரத்தில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "பாட்டு பாட மாட்டேங்குதுன்னு நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன்" என்றார் அப்பா. குரலில் ஒரு பிசிறு இல்லை. இவ்வளவு அழகாகப் பொய் சொல்வார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் என் காதருகே கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணும் சந்தேகம் வரலியே?"

கூடத்தில் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. இனி இந்த வீட்டில் இரண்டு பேரின் ரகசியத்துக்கும் நடுவே நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்தபோது, காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

"இல்லம்மா" என்றேன்.