கிளிநொச்சியில் வாகனம் நுழையாத ஒரு பாதை

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணப் பேருந்தில் ஏறினேன். பரந்தனுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் ரிக்கற். தூரம் எண்பது கிலோமீற்றர். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஊர்கள் வரிசையாகப் பின்னால் போயின. முறிகண்டியில் எல்லாப் பேருந்துகளும் நிற்பதுபோல எங்கள் பேருந்தும் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்கள் உடைத்தார்கள். நான் நூறு ரூபாய்க்குக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினேன்.

வவுனியாவில் நாங்கள் சிலர் நடத்தும் சிறு சஞ்சிகைக்காகத்தான் இந்தப் பயணம். கிளிநொச்சி நகருக்குள் வெட்டப்படாமல் தப்பிய காட்டுத் துண்டொன்றைப் பூங்காவாக்கி, சைக்கிளிலும் நடந்தும் மட்டும் போகும் பாதை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏ-9 வீதியின் இரைச்சலிலேயே வாழ்கிற எங்களுக்கு அது பெரிய புதுமை. பார்த்து எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பரந்தனில் என் தங்கை வசந்தி இருக்கிறாள். அவளுடைய கணவர் குகன் அந்தப் பாதையில் கிழமை நாட்களில் ஒவ்வொரு காலையும் சைக்கிள் ஓடுகிறவர். எனக்கு அவரை விட்டால் வேறு வழிகாட்டி இல்லை.

குகனைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் டிப்பர் லொறி ஓட்டுநராக இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன், பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், ரியூசனுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பொடியன் அவருடைய டிப்பரில் அடிபட்டு இறந்துபோனான். பன்னிரண்டு வயது. பொடியன் சட்டென்று நடுவீதிக்குத் திரும்பினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குகன் நீதிமன்றத்தில், "நான் வேகமாய்த்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டார். தண்டப்பணத்தோடு வழக்கு முடிந்தது. அதன் பிறகு அவர் எந்த வாகனத்தையும் தொடவில்லை.

ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். பூங்கா ஐந்து கிலோமீற்றர் தொலைவில். குகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். ஏறி ஓடலாமே என்று கேட்டேன்.

"ரோட்டிலை ஓடமாட்டன் அண்ணை. உள்ளை போய் ஓடுவம்."

"ஒவ்வொரு நாளும் இப்பிடியே நடக்கிறனீர்?"

"ஓம். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். அங்கை அரை மணித்தியாலம் ஓடுவன். வசந்திக்கு இது விசர், பைத்தியம் மாதிரித்தான்."

எங்களை உரசுவதுபோல லொறிகளும் சொகுசுப் பேருந்துகளும் போய்க்கொண்டிருந்தன. பொடியன் அடிபட்ட இடம் இதுதான் என்று குகன் சொல்லவில்லை. வீதியைக் கடந்து மறுகரைக்குப் போய் நடந்தார், நானும் கடந்தேன். அங்கே ஒரு மதகும் காய்ந்த புல்லும் தவிர வேறெதுவும் இல்லை. சற்றுத் தூரம் போனதும் திரும்பவும் இந்தப் பக்கம் வந்தோம்.

நகரத்துக்குள் மேற்கே திரும்பி, குளக்கட்டை ஒட்டிய மண் வீதியால் போனால் பூங்கா வாசல் வரும். குறுக்கே ஒரு மரக்கட்டை. மோட்டார் சைக்கிள்கூட நுழைய முடியாத இடைவெளி. அனுமதி ஐம்பது ரூபாய். வாடகைச் சைக்கிள் மணித்தியாலத்துக்கு இருநூறு; நான் ஒன்று எடுத்தேன். வாசலில் இருந்த பெண் குகனைக் கண்டு சிரித்தா.

"என்ன, இண்டைக்குச் சனிக்கிழமை வந்திருக்கிறியள்?"

"அண்ணை வவுனியாவிலையிருந்து வந்தவர். அதுதான்."

சனி ஞாயிறு பிள்ளைகள் வரும் நாட்கள். அதனால் அந்த நாட்களில் அவர் வருவதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்காகத்தான் வந்திருந்தார்.

பாதை மூன்று கிலோமீற்றர் வட்டம். சிவப்புக் கிரவல் இறுக்கிப் போட்ட தரை, ஒருவழி, வளைவுகளில் அம்புக்குறி. இரு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கின்றன. நுழைந்து கொஞ்ச நேரத்திலேயே வீதியின் சத்தம் நின்றுபோகிறது. பிறகு சில்லுகள் கிரவலில் நெரிபடும் சத்தமும், தவிட்டுக்குருவிகளின் சண்டையும், எங்கேயோ ஒரு மயிலும் மட்டுந்தான். பாலை மர நிழலில் வெயில் காசுகளாகச் சிதறிக் கிடந்தது. ஐம்பத்தாறு வயதில் கைகளை விட்டுச் சைக்கிள் ஓட்டிப் பார்த்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

முன்னால் ஓடிக்கொண்டிருந்த குகனின் முதுகு நிமிர்ந்திருந்தது. வீதியில் நடந்து வந்த மனிதர் அவரில்லை. வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார்.

"இஞ்சை வாகனம் வராது அண்ணை. என்னாலை ஒருத்தருக்கும் ஒண்டும் நடவாது. அந்த நினைப்பிலைதான் மற்ற நேரமெல்லாம் இருக்கிறன்."

இரண்டாவது சுற்றில், குளத்தை ஒட்டி மருத மரங்கள் நிற்கும் வளைவில், எங்களுக்கு முன்னால் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தா. ஒரு கையால் சின்னச் சைக்கிளின் கரியரைப் பிடித்திருந்தா. அதன் மேல் எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி.

"விட்டிடாதையுங்கோ அம்மா! விட்டிடாதையுங்கோ!"

"விடேல்லை. நேரை பார். நேரை பார் துளசி!"

அந்தக் குரலைக் கேட்டதும் குகன் பிரேக் பிடித்து இறங்கிவிட்டார். நான் அவரைத் தாண்டிப் போய்த்தான் நின்றேன். கிரவல் சத்தத்துக்குச் சிறுமி திரும்பிப் பார்த்தாள். கைபிடி திரும்பியது. தாயின் கையிலிருந்து கரியர் நழுவ, சைக்கிளோடு பக்கவாட்டில் விழுந்தாள்.

குகன் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் குனிந்து சிறுமியைத் தூக்கவும் தாய் அவருடைய முகத்தைப் பார்க்கவும் சரியாக இருந்தது.

"தொடாதையுங்கோ."

அவ கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னா. குகன் கைகளை எடுத்தார். அவ பிள்ளையை எழுப்பி, முழங்காலில் ஒட்டியிருந்த கிரவலைத் தட்டினா. பிறகு நிமிர்ந்தா.

"மகனை ரோட்டிலை விட்டுக் குடுத்தனான். இவளையெண்டாலும் ரோட்டிலை விடாமல் பழக்குவம் எண்டுதான் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான். இஞ்சையும் நீங்களோ?"

  அவ சைக்கிளை நிமிர்த்தி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் வாசலை நோக்கி நடந்தா. "ஆரம்மா அவர்?" என்று பிள்ளை கேட்டது எங்களுக்குக் கேட்டது. அம்மா சொன்ன பதில் கேட்கவில்லை.

குகன் பாதை ஓரத்தில் குந்திவிட்டார். 

"தாயும் பிள்ளையும் இனி வரமாட்டினம் அண்ணை."

"அப்பிடி இல்லை..."

"வரமாட்டினம். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரட்டும் எண்டு. நான் அவையின்ரை வீட்டுப் படியிலை ஏற ஏலாது. ஒருக்கால் வசந்தியும் நானும் ஏறினனாங்கள். கதவு திறக்கேல்லை."

திரும்பும்போது இரண்டு சைக்கிள்காரர்கள் எங்களைக் கடந்து சிரித்துக்கொண்டு போனார்கள். காடு அதே அழகோடுதான் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வசந்தி என்னைத் துளசியின் வீடு இருக்கும் சிறு ஒழுங்கைப் பாதையின் முனை வரை கூட்டிப்போய்விட்டு நின்றுகொண்டாள். தகரக் கூரை போட்ட சின்ன வீடு. நான் யாரென்று சொன்னதும் துளசியின் அம்மா உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டா.

"இருங்கோ."

குகன் சொன்னதைச் சொன்னேன். முழுவதையும் கேட்டா. அவர் இனி வரவே மாட்டார், நீங்கள் நம்பிப் போகலாம் என்றேன். அல்லது அவர் முந்திமாதிரிக் கிழமை நாட்களில் மட்டும் போவார், நீங்கள் சனிக்கிழமைகளில் போங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே ஏதோ வியாபாரம் பேசுவதுபோலக் கேட்டது.

"அவரிலை கோவம் எண்டு இல்லை ஐயா," என்றா. "கோவப்பட்டுக் களைச்சுப் போனன். இரண்டு மாசமாய் அந்தக் காட்டுக்கை போய் வந்தனான். அங்கை மட்டும் எனக்கு நெஞ்சு அடிக்கிறேல்லை. இனிப் பின்னாலை ஒரு சில்லுச் சத்தம் கேட்டால் அவர்தான் எண்டு நினைப்பன். அவர் வராட்டிலும் எனக்கு அவர் வருவார்."

"சைக்கிள் பழகாட்டி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தூரமெல்லே?"

"நடப்பா. நானும் கூட நடப்பன்." முற்றத்தில் கிடந்த சின்னச் சைக்கிளை எடுத்துச் சுவரோடு சாத்தினா. "அவரைப் போகச் சொல்லுங்கோ. ஆராவது ஒரு ஆளுக்கெண்டாலும் அந்த இடம் உதவட்டும்."

கதவடியில் துளசி நின்றாள். முழங்காலில் மஞ்சள் பூசியிருந்தது. "அடுத்த சனிக்கிழமை நான் தனிய ஓடுவன் மாமா," என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு இன்னும் தெரியாது. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

அவ சொன்னதைக் குகனிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு எழும்பிப் போய், பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவைத்து, மேலே ஒரு தார்ப்பாய்ப் படங்கைப் போட்டு மூடினார். அவருக்காக அவ விட்டுக்கொடுத்தா. அவவுக்காக இவர் விட்டுக்கொடுத்தார். இடையில் அந்த மூன்று கிலோமீற்றர் பாதையில் இருவருமே இல்லை.

இரவு சாப்பாட்டின்போது வசந்தி என் தட்டில் இடியப்பத்தை வைத்துக்கொண்டே, "நீங்கள் சனிக்கிழமையில்லாமல் வேறை ஒரு நாள் வந்திருக்கலாம் அண்ணா," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். இவ்வளவு நாளும் அவள் கணவருக்கு உயிர் கொடுத்த அரை மணித்தியாலம், நான் ஒரு கட்டுரை எழுத வந்ததில் போய்விட்டது. திருப்பிக்கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பரந்தன் சந்தியில் வவுனியாப் பேருந்தில் ஏறினேன். ஓட்டுநருக்குப் பின் இருக்கை. ஊருக்குப் போனதும் நண்பர்கள் பூங்கா எப்படி என்று கேட்பார்கள். நல்ல இடம், நிழல், வாகனம் இல்லை, போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். அதில் எதுவும் பொய்யில்லை. எங்கள் வவுனியாவில் அப்படியொன்று இல்லை என்று அவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வெள்ளைச் சட்டைகள் ஏ-9 வீதியின் ஓரக்கோட்டில் வரிசையாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தன. ஓட்டுநர் ஹோர்னை அழுத்திப் பிடித்தார். பிள்ளைகள் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கிரவலுக்கு இறங்கினார்கள். ஒருவன் மட்டும் இறங்கப் பிந்தினான்; பேருந்து அவனை விலத்திக்கொண்டு போனது. கனகராயன்குளம் வரும்வரை நான் முன் கண்ணாடியைப் பார்க்கவில்லை.