இரண்டு சஹன்

அந்தச் சஹன் எங்கள் அலுமாரிக்கு மேல் கவிழ்ந்து கிடக்கிறது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கையிட்டுச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. விளிம்பில் ஓரிடத்தில் எனாமல் உதிர்ந்து கறுத்திருக்கும். இடைக்கிடை இறக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் மேலே வைத்துவிடுவேன். அதில் யாருக்கும் சோறு வைப்பதில்லை.

அது ராத்தாவுடையது. கூடப் பிறந்தவர் அல்ல. எங்கள் மாதர் சங்கத் தலைவியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது வந்து, எத்தாளைக்குப் பக்கத்து முகாமில் ஓலைக் கொட்டிலில் குடியேறியவர். நான் இந்த ஊர்க்காரி. பத்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னைச் செயலாளராக்கினார்கள்.

யுத்தம் முடிந்த பிறகும் முகாம் இருந்தது. அங்கே தோண்டிய கிணறுகள் உவர்த்துப்போனதால் முகாம் பெண்கள் எங்கள் ஊர்க் கிணற்றுக்குக் குடத்தோடு வருவார்கள். மழை பிந்தினால் கிணற்றடியில் சண்டை வரும். காலையில் பெண்கள் ஏசிக்கொண்டது பொழுதுபடுமுன் ஆண்களின் அடிபிடியாகிவிடும். அப்படி ஆகவிடாமல் ராத்தா சோறாக்குவார். சண்டை பிடித்தவர்களையே அழைத்து, ஒரு சஹனுக்கு ஊர்ப் பெண்கள் மூவர், முகாம் பெண்கள் மூவர் என்று மாற்றி மாற்றி இருத்துவார். "பக்கத்தில இரிக்கிறவட கை நம்மட சோத்தில படக்கொள்ள வாய் கொஞ்சம் அடங்கும் புள்ள" என்பார். அடங்கியதைப் பல தடவை நானே கண்டிருக்கிறேன்.

ஒருமுறை ராத்தாவை வெளிநாட்டுக்கு அழைத்தார்கள். யுத்தம் கண்ட பல நாடுகளின் பெண்கள் கூடி, சண்டையை வருமுன் தடுப்பது பற்றிப் பேசும் கூட்டம். அவர் புறப்படுவதற்கு முதல்நாள் கிணற்றடிச் சண்டையில் முகாம் பெண் ஒருத்தியின் குடம் உடைந்தது. ராத்தா சஹனை என்னிடம் தந்தார். "நீ ஆக்கு. கலந்து இருத்து. அதுதான் வேல, மத்ததெல்லாம் சோறு பாத்துக்கொள்ளும்." நான் ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். ராத்தாவின் சஹனோடு எங்கள் வீட்டுச் சஹனையும் வைத்தேன். யார் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதற்குள், என் கணவரின் உம்மா, என் மாமி, முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டு, "நம்மட ஆக்களெல்லாம் இஞ்சால வாங்க" என்றார். ஆறு பேர் நிறைந்துவிட்டார்கள். கை கழுவிக்கொண்டு நின்ற முகாம் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே சோறுதானே என்று நினைத்து, நான் மற்றச் சஹனைக் காட்டினேன்.

எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். பிறகு மாமி சிரித்தபடி, "அந்தச் சஹனுக்கு எறச்சி கூட விழுந்திரிக்கி போல" என்றார்.

"ஓம் மாமி, தண்ணிதான் எங்களுக்குக் குறைய விழுற" என்றாள் குடம் உடைந்தவள்.

"அப்ப இனி அதுக்கும் வராதீங்க."

முகாம் பெண்கள் ஆறு பேரும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்கள். நான் தண்ணீர்க் கூசாவோடு சும்மா நின்றேன். அடுத்த வாரம் ஊர் ஆண்கள் கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுப் பூட்டினார்கள். முகாமுக்காரர் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காகப் பெரிய ரோட்டில் வரிசையில் நின்றார்கள்.

ராத்தா திரும்பி வந்ததும் நேராக என் குசினிக்குத்தான் வந்தார். கூட்டத்தில் கழுத்தில் மாட்டிய பெயர் அட்டையை நீல நாடாவோடு பலகையில் வைத்தார். "நான் அங்க நம்மட சஹனத்தான் சொன்னன். எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினாங்க." பிறகு, "ஆக்கள எப்பிடி இருத்தின?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தன் சஹனை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் இரண்டு தடவை சோறாக்கி அழைத்தார். ஊரிலிருந்து யாரும் போகவில்லை. மாமிக்குப் பயந்து நானும் போகவில்லை.

பிறகு ராத்தாவின் குடும்பம் மன்னாருக்கே திரும்பிப் போனது. "லொறியில இடமில்ல புள்ள" என்று சஹனை என்னிடம் விட்டுப்போனார். அந்த லொறியில் கோழிக்கூட்டுக்கு இடமிருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் மௌத்தாகி அடக்கமும் முடிந்த செய்தி வந்தது.

இப்போது வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கிணற்றுப் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது. திறக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வீட்டில் யாருமில்லாத பொழுதில் சஹனை இறக்கிப் பாயில் வைத்துத் துடைக்கும்போது, "மாமி, நீங்க இஞ்ச இரிங்க. நீ மாமிக்குப் பக்கத்தில இரி" என்று சொல்லிப் பார்க்கிறேன். குரல் நன்றாகத்தான் வருகிறது.