பத்துக் குண்டும் அவளுடையவை

துப்பாக்கி வாங்கி மூன்று சனிக்கிழமைகள் ஆகியும் என் குண்டு ஒன்றுகூட குறிப் பேப்பரின் நடுவட்டத்தைத் தொடவில்லை. எல்லாம் இடது கீழ் மூலையில் போய் விழுந்தன. சில, பேப்பரிலேயே விழவில்லை. ஏழு கஜ தூரம்தான். எங்கள் அபார்ட்மெண்ட்டில் சோபாவிலிருந்து வாசல் கதவு கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் இருக்கும்.

அந்த வாசல் கதவுக்காகத்தான் வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இந்தியர் வீடுகளில் நகை இருக்கும் என்று தெரிந்தே திருட வருகிறார்கள் என்ற பேச்சு டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியின் நகை பீரோவில் இருந்தது. ஆனால் அது பாதிக் காரணம்தான். ஆபீஸில் என் டீமில் இருந்த மற்ற மூன்று தமிழர்களிடமும் துப்பாக்கி இருந்தது என்பது மீதிப் பாதி. மதியம் சாப்பிடும்போது எந்த ரேஞ்சில் போய்ச் சுடுவது, எந்த மாடல் என்று அவர்கள் பேச ஆரம்பித்தால் நான் மட்டும் தயிர்சாத டப்பாவைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்களைப் போல விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொட வேண்டுமென்றால் வேட்டை லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்ததும் அந்தச் சாப்பாட்டு மேசைதான். கடைக்குப் போய் லைசென்ஸ் எனக்கொன்று, மனைவிக்கொன்று எடுத்தேன். மானா, வாத்தா, என்ன வேட்டைக்கு என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்றேன். ஊரில் கோழி அறுக்கும்போது தெருமுனை வரை போய் நின்றுகொள்பவன் நான்.

என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். பரீட்சைப் பேப்பர் திருத்திக் கொடுக்கும் நாட்களில் அதை வாங்கிக்கொண்டு மண்டிக்குப் போவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மேலே சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கும் எண்ணை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு, பக்கத்தில் சுமை இறக்குபவர்களிடம் காட்டுவார். அப்படி வளர்ந்தவனுக்கு, நாலு பேர் பார்க்கும் ஒரு பேப்பரில் தோற்கத் தெரியவில்லை. இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது இங்கேதான் வந்து நிற்கிறேன்.

நான்காம் சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். ரேஞ்சில் சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நான் சுடுவதைக் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தார். பிறகு மேகசினை வாங்கித் திரும்பி நின்று, தானே குண்டுகளை நிரப்பிக் கொடுத்தார். இரண்டு குண்டு வெடித்தது. மூன்றாவது முறை ட்ரிகரை அழுத்தினேன். வெடிக்கவில்லை. வெடிக்காத துப்பாக்கியின் முனை என் கையில் விரற்கடை அளவு கீழே குதித்தது. நடுவில் ஒரு டம்மி குண்டை வைத்திருக்கிறார். குண்டு போவதற்கு முன்பே அந்தச் சத்தத்துக்குப் பயந்து கையை அமுக்குகிறீர்கள், அதனால்தான் எல்லாம் கீழே போகிறது என்றார். எல்லோருக்கும் வருவதுதான், பழகிவிடும் என்றும் சொன்னார். நான் கேட்டது முதல் வாக்கியத்தை மட்டும்தான். பக்கத்து லேனில் இருந்த ஒரு கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். காதுகளை மூடியிருந்த மஃப்புக்குள் என் காது கொதித்தது.

"நான் ஒண்ணு சுட்டுப் பாக்கட்டுங்களா?" என்று மனைவி கேட்டாள். அவள் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. யாரிடம் எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு 'ங்க' இருக்கும்.

"சத்தம் அதிகமா இருக்கும். துப்பாக்கி மேல இருக்கற ஸ்லைடை இழுக்கவே உனக்குக் கை வலிக்கும்."

"வலிச்சா வெச்சுடறனுங்க."

சொல்லிக் கொடுப்பவர் அவளுக்குப் புதுப் பேப்பர் ஒன்றைக் கொடுத்தார். அவள் அதை உடனே கிளிப்பில் மாட்டவில்லை. அங்கே கிடந்த மார்க்கரை எடுத்து, பேப்பரின் மேல் ஓரத்தில் பிள்ளையார் சுழி போட்டாள். 'உ' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு. கறுப்பு மையில், பெரிதாக. மளிகைச் சீட்டோ வங்கிப் படிவமோ எதுவானாலும் அவள் அப்படித்தான் ஆரம்பிப்பாள். அது என்ன என்று அந்தப் பெண் கேட்டார். "லக்கி சைன்," என்றாள்.

"இங்க எதுக்கு இதெல்லாம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "பாக்கறாங்க."

"பாத்தா என்னங்க?" என்றாள். அவள் உண்மையிலேயே கேட்டாள்.

பத்துக் குண்டு சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் துப்பாக்கியைத் தாழ்த்தி, மூச்சு விட்டு, அவசரமே இல்லாமல். சூடான காலித் தோட்டா ஒன்று அவள் தோளில் பட்டு விழுந்தபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பர் முன்னால் ஓடி வந்து நின்றது. பத்து ஓட்டையும் நடுவில், ஒரு இட்லி மூடிவிடும் அளவில் இருந்தன. சொல்லிக் கொடுப்பவர் கைதட்டினார். பக்கத்து லேன் கிழவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

காரில் எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "பாதி மூச்சை விட்டுட்டு நிறுத்திக்கிட்டனுங்க. எப்ப வெடிக்கும்னு நெனைக்கறதில்ல. அதுவா வெடிக்கட்டும்னு விட்டுட்டேன்," என்றாள். இரண்டு பேர் பேப்பர்களையும் என் லேப்டாப் பையில் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரன், அந்த மூவரில் ஒருவனான சேலத்துக்காரன், பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பேப்பரைப் பார்த்துவிட்டான்.

"டேய், ரேஞ்சுக்குப் போனியா? காட்டு, காட்டு. இந்த வாரமாவது பேப்பர்ல பட்டுச்சா, இல்ல பக்கத்து லேன்காரன் பேப்பர்லயா?"

அவன் இழுத்தது அவள் பேப்பர். விரித்தான். வாய் திறந்தபடியே நின்றான்.

"மச்சி! நீயாடா இது?"

அந்த இடத்தில் ஒரு சொல் போதும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி என்றால் இரண்டு சொல். நான் தோளைக் குலுக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். மீதியெல்லாம் அவன் செய்தான். மற்ற இருவரைக் கூப்பிட்டான், போட்டோ எடுத்து குரூப்பில் போட்டான், என் க்யூபிக்கிள் தடுப்பில் நான்கு மூலையிலும் பின் குத்தி மாட்டினான். "உ போட்டு சுட்டிருக்கான் பாருங்கடா, பயபக்தியோட!" என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் 'ஏட்டய்யா' ஆனது.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வியாழக்கிழமை சேலத்துக்காரன் என்னிடம் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அவனுக்கும் குண்டு கீழே போகிறதாம், யாரிடமும் சொல்லவில்லையாம். "நீ எப்படிடா பண்ற?" என்று கேட்டான். பாதி மூச்சை விட்டுட்டு நிறுத்தணும், எப்ப வெடிக்கும்னு நினைக்கக் கூடாது, அதுவா வெடிக்கட்டும்னு விட்டுடணும் என்று சொன்னேன். அவள் சொன்னதில் 'ங்க'வை மட்டும் எடுத்துவிட்டு, என் அனுபவம் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தன் பேப்பர் எங்கே என்று அவள் ஒருமுறை கேட்டாள். ஆபீஸ் பையில் கிடக்கும், பார்க்கிறேன் என்றேன். மறுபடி ரேஞ்சுக்குப் போகலாமா என்று அவள் கேட்ட இரண்டு வாரமும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். குண்டுகள் இடது கீழ் மூலையில் விழுந்துகொண்டே இருந்தன.

ஆயுத பூஜை வேலை நாளில் வந்ததால், அந்த வாரக் கடைசியில் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். ஆபீஸ் தமிழர்கள் மூவரும் குடும்பத்தோடு வந்தார்கள். லேப்டாப்புகள், கார் சாவிகள், குழந்தைகளின் நோட்டுகள் எல்லாம் மேசையில் இருந்தன. துப்பாக்கியை மேகசின் கழற்றி, இரண்டு முறை பார்த்து, பெட்டிக்குள் வைத்துப் பெட்டியின் மேல்தான் சந்தனம் வைக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் பெட்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது சேலத்துக்காரன் சுண்டல் கிண்ணத்தோடு வந்தான்.

"சிஸ்டர், பெட்டிக்கு மட்டும் பொட்டு வெச்சா எப்படி? சுட்ட கைக்கு வைக்க வேணாமா? ஏட்டய்யா, கையக் காட்டுடா."

"என்னங்கண்ணா?"

"என்ன சிஸ்டர், வீட்டுல சொல்லவே இல்லையா இவன்? தன்னடக்கத்தப் பாருங்க. இருங்க." போனை எடுத்துத் தேடி அவளிடம் நீட்டினான். "பத்துக்குப் பத்து. ஆபீஸே ஆடிப்போச்சு. மேல பாருங்க, பிள்ளையார் சுழி!"

அவள் விரலில் சந்தனம் இருந்தது. அதைப் புடவை முந்தியில் துடைத்துவிட்டு போனை வாங்கினாள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். நான் வாழைப்பழச் சீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறையில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், ஒரு மனைவி பெருமைப்படுவதைப் பார்க்க.

"ஆமாங்கண்ணா," என்றாள். "அவரு எதையும் உ போடாம ஆரம்பிக்க மாட்டாருங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கற்பூரம் எங்கே என்று தேடப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால், நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டிருந்தால் என்னிடம் ஏதாவது பதில் இருந்திருக்கும். பார்க்கிறார்கள் என்று நான் அவளை அடக்கிய அதே சுழியை அவள் என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பூஜை முடியும் வரை யார் கண்ணையும் பார்க்காமல் பழம் நறுக்கினேன்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் துலக்கினாள். நான் துடைத்தேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றேன்.

"அப்பவே ஏனுங்க சொல்லல?"

"அவன் கேட்டப்ப... என்னால முடியல."

குழாயை மூடினாள். "எனக்கு அந்தப் பேப்பர் வேணுங்க. பிளஸ் டூவுக்கு மேல என்னைப் படிக்க வெக்கல. நான் எழுதுன பேப்பர்னு காட்ட எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

திங்கட்கிழமை ஏழு மணிக்கே ஆபீஸ் போனேன். ஒருவரும் வந்திருக்கவில்லை. பின்களை எடுத்து, பேப்பரைச் சுருட்டிப் பையில் வைத்தேன். யாராவது கேட்டால் வீட்டில் ஃபிரேம் போடுகிறேன் என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். நல்லவேளையாக அன்று சேலத்துக்காரன் வீட்டிலிருந்து வேலை செய்தான். மற்றவர்கள் கவனிக்கவில்லை. சாயங்காலம் அவளிடம் நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"என்ன சொல்லிட்டு எடுத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. "யாரும் வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்," என்றேன்.

"அப்படின்னா திரும்ப மாட்டிடுங்க. ஆளுங்க இருக்கறப்ப எடுத்துட்டு வாங்க, வாங்கிக்கறேன்."

செவ்வாய் காலை மறுபடி ஏழு மணிக்குப் போய் அதே ஓட்டைகளில் பின் குத்தி மாட்டினேன். செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வீட்டில் அவள் கேட்கவில்லை. சோறு போட்டாள், ஊருக்கு போன் பேசினாள், அவ்வளவுதான். வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நால்வரும் திரும்பி வந்தபோது, உட்காராமல் நேரே தடுப்பிடம் போய் பின்களைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"ஏன்டா எடுக்கற? பிரமோஷனா?" என்றான் சேலத்துக்காரன்.

"என்னுது இல்ல. என் வொய்ஃப் சுட்டது."

"டேய், ஓவரா பண்ணாத."

"நிஜமா. நான்தான் சுட்டேன்னு நீ நினைச்ச, நான் வாயத் திறக்கல. அன்னிக்கு வீட்டுல அவ எனக்காகத்தான் அப்படிச் சொன்னா."

மற்ற இருவரில் ஒருவன் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். இன்னொருவன் போனைப் பார்த்தான். "அப்ப உன்னுது எங்க?" என்று கேட்டான் சேலத்துக்காரன்.

லேப்டாப் பையின் பின்னறையில், அவளோடு ரேஞ்சுக்குப் போன அன்று நான் சுட்ட பேப்பர் நசுங்கிக் கிடந்தது. எடுத்து விரித்துக் காட்டினேன். இடது கீழ் மூலையில் ஆறு ஓட்டை. ஒன்று பேப்பரின் ஓரத்தையே கிழித்திருந்தது. அவன் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு டிப்ஸ் குடுத்தியேடா. மூச்சு, அது இதுன்னு."

"அதுவும் அவ சொன்னதுதான்."

பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தான். "அது எனக்கு வேலை செஞ்சுச்சு," என்றான். "போன வாரம் நடுவுல நாலு போட்டேன். அவங்ககிட்ட தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு." நாற்காலியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேப்பரை அவளிடம் கொடுத்தேன். யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள், சொன்னேன். வாங்கிக்கொண்டாள். அவன் சொல்லச் சொன்ன நன்றியைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.