சரிச்சுப் படுக்க வையுங்கோ

முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ரெங்கம்மா முதலில் காலைத்தான் பார்ப்பாள். மாடிப்படி ஏறி வருகிறவர் அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகத்தராக இருக்கட்டும், கல்யாணத்துக்குப் போகிற வழியில் சாப்பிட வந்த பட்டுச்சேலைக்காரியாக இருக்கட்டும், அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். தரை துடைக்கிற துணியை வாளியில் பிழிந்துகொண்டே கீழ்க்கண்ணால் ஒரு பார்வை. "ஐயா, சேத்த மிதிச்சிட்டு வந்திருக்கீங்க. அந்தக் கால்மிதியில ஒருக்கா தேச்சிட்டு வாங்க." உத்தியோகத்தர் தேய்த்துவிட்டுத்தான் வரவேண்டும்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினெட்டு வருடம் கொழுந்து எடுத்தவள். மழைநாளில் மலையில் நிற்கிறவர்கள் அடிக்கடி குனிந்து காலைப் பார்க்காவிட்டால் அட்டை ஏறிவிடும். ஏறினால் வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் இறங்கும், மரியாதை தெரியாத பிறவி. இப்போது கூடையும் இல்லை, மலையும் இல்லை. பதுளை பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், கீழே சாப்பாட்டுக்கடையும் மேலே பாரோடு சேர்ந்த சாப்பாட்டு மண்டபமுமாக இருக்கிற ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை. மாடியின் டைல்ஸ் தரைக்கு அட்டை வருமா என்ன? ஆனாலும் கண் குனிகிறது.

பெண்கள் கழிவறை வாசலில் அவளுக்கென்று ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. முதலாளியே வந்தாலும் அதில் உட்கார முடியாது. கிளாஸ் ஒன்று கழுவாமல் ஐந்து நிமிடம் கிடந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். பாருக்குப் பொறுப்பான அஜந்தன், "அக்கா, ஆள் இன்னும் குடிச்சு முடிக்கலக்கா" என்று கிளாஸைப் பிடுங்கி வைத்த சம்பவங்கள்கூட உண்டு.

தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குடிகாரர்கள் புதிதா? அப்பன், சித்தப்பன், மாமன், கடைசியில் புருஷன் வீரய்யா என்று வரிசையாகப் பார்த்துவிட்டாள். "ரெண்டு பெக்குக்குக் கால் அகலும். நாலுக்குச் செவரத் தேடும். அதுக்கு மேல போனா கால் பேசாது, வாய்தான் பேசும்." அஜந்தன் ஒரு பிளேன்டீ பந்தயம் வைத்து, மூலையில் எழுந்து நடக்கிற ஒருவரைக் கண்ணால் காட்டுவான். அவள் ஒரு எண்ணைச் சொல்வாள். பில்லைப் பார்த்தால் அதே எண் இருக்கும். பிளேன்டீக்குச் சீனி கூடப் போடச் சொல்லி வாங்கிக் குடிப்பாள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சாதாரணமாக அவள் பேச்சு "வாறேங்க, போறேங்க" என்று தோட்டத்துப் பேச்சாகவே இருக்கும். கண்டிப்பாக ஒன்றைச் சொல்லவேண்டி வந்தால் மட்டும் திடீரென்று யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுவாள். "ஈரத்திலை நடக்க வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ!" என்று ஒரு அதட்டல் வரும். யாழ்ப்பாணத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. "அக்காவுக்குச் சொந்த ஊர் கோப்பாயா, கொடிகாமமா?" என்று அஜந்தன் சீண்டுவான். மனேஜர் சிவசுப்பிரமணியம் அசல் யாழ்ப்பாணத்துக்காரர். அந்தப் பேச்சைக் கேட்டால் அவரே தன்னையறியாமல் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அந்தத் தமிழை அவள் கற்றுக்கொண்ட இடம் ஆஸ்பத்திரி வார்ட்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு சம்பள நாளில் வீரய்யா கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தைக் குடித்துவிட்டு வாசலில் மல்லாந்து கிடந்தான். கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. லயமே கூடி நின்று, எலுமிச்சைப் புளிப்பு போதையை முறிக்கும் என்று, தேசிக்காய், தேசிக்காய் என்றது. ரெங்கம்மா இரண்டு தேசிக்காயைப் பிழிந்து உப்புப் போட்டு, கரண்டிக் காம்பால் பல்லை விலக்கி ஊற்றினாள். நல்லதென்று நினைத்துத்தான் ஊற்றினாள், பாவம். அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நெஞ்சைக் கெடுத்துவிட்டது. இருபத்தொரு நாள் வார்டில் கிடந்து, சாவின் வாசல்வரை போய்த்தான் வீரய்யா திரும்பினான்.

அந்த வார்டில் கமலாதேவி என்று ஒரு நர்ஸ் இருந்தார். "ஆர் வாயிலை ஊத்தினது?" என்று கேட்டார். "நாந்தாங்க" என்று சொல்லிவிட்டு ரெங்கம்மா அடி வாங்கப்போகிற பிள்ளைபோலத் தலையைக் குனிந்தாள். நர்ஸ் ஏசவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த கட்டிலில் அவளையே படுக்கச் சொல்லி, ஒரு முழங்காலை மடித்து, பக்கவாட்டில் திருப்பி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "மயங்கிக் கிடக்கிற ஆக்களுக்கு வாயாலை ஒண்டும் குடுக்கக் கூடாது. சரிச்சுப் படுக்க வையுங்கோ. மூச்சைப் பாத்துக்கொண்டு பக்கத்திலை இருங்கோ. தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ. எங்களைக் கூப்பிடுங்கோ. அவ்வளவுதான் அம்மா உங்கட வேலை."

ரெங்கம்மா அதை ஒரு எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். அதோடு கூடவே அந்தக் குரலும் வந்து ஒட்டிக்கொண்டது. வீரய்யா இன்றைக்கும் இருமிக்கொண்டே, "ஊர்ல எல்லாப் பொண்டாட்டியும் கடைசியில பால்தான் ஊத்துவாளுக, எம் பொண்டாட்டி தேசிக்காத் தண்ணி ஊத்தினா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அவளுக்கு அந்தச் சிரிப்பு வராது. அன்றிலிருந்து வீட்டில் தேசிக்காய் வாங்குவதில்லை. ஹோட்டலில் தரைக்குப் போடுகிற மருந்துகூடத் தேசிக்காய் வாசம் என்பதால், ரோஜா வாசத்தில் வாங்கித் தரச்சொல்லி மனேஜரோடு மூன்று வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாசம் வந்தால் தன் கையால் ஊற்றின தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. மழை கொட்டுகிற மத்தியானம். ஒரு மணிபோல ஒரு பெண்பிள்ளை கை கழுவ வந்தாள். வழக்கம்போலக் காலைப் பார்த்த ரெங்கம்மா, "பிள்ள, செருப்பு வார் அறுந்திருக்கு. படியில விழுந்து வச்சிராதீங்க" என்று சொல்லி, தன் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை சிரித்தது. பெயர் நிவேதிகா, யாழ்ப்பாணம், அரசாங்க அலுவலகமொன்றில் வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "ஹாலிஎலையிலைதான் இருக்கிறன் அம்மா, ஒரு அக்காவோட. நாலு மணிக்குப் பிறகு பஸ் இருக்கோ?" என்று கேட்டது. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட வருகிறார்கள் என்று ஒருவர் கூப்பிட்டாராம், கூப்பிட்டவரைத் தவிர இன்னும் ஒருவரையும் காணோமாம். கால் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்து நின்றன.

நாற்பது நிமிடம் கழித்து அதே கால்கள் திரும்பி வந்தன. ரெங்கம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கால் அகலவில்லை, சுவரைத் தேடவில்லை. விரல்கள் உள்பக்கமாகத் திரும்பி, தூக்கத்தில் எழுப்பிவிட்ட குழந்தையின் கால்போல மடிந்து மடிந்து வந்தன. இது குடி இல்லை என்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது. கதவுக்கு உள்ளே போன பிள்ளை சரிய, தலை தரையில் மோதுவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்தாள். மெல்ல இறக்கி, முழங்காலை மடித்து, பக்கவாட்டில் திருப்பினாள்.

பின்னாலேயே ஒருவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் வண்டிச் சாவி. அலுவலகங்களில் கொந்தராத்து வேலைகள் எடுத்துச் செய்கிறவர், முதலாளிக்கு வேண்டியவர். "கொஞ்சம் ஏறிருச்சு. நம்ம சொந்தக்காரப் பிள்ளதான். வண்டி கீழ நிக்குது, வீட்டுல விட்டுர்றேன்."

அவருக்குப் பின்னால் மனேஜர் மூச்சிரைக்க வந்தார். "ரெங்கம்மா, என்ன இது? ஒரு வைன் எடுத்திருக்கு, பிள்ளைக்குப் பழக்கமில்லைப் போல. ஐயா கூட்டிக்கொண்டு போகட்டும், விடு." அவருக்கு ஹோட்டலின் பெயர் கெட்டுவிடக்கூடாது என்ற பதற்றம். அஜந்தன் தன் பங்குக்கு ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். குனிந்து, பிள்ளையின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோயும் விட்டான்.

"வாயிலை ஒண்டும் வைக்காதை!"

அஜந்தனின் கை அப்படியே நின்றது. ரெங்கம்மா நீல நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, வாளியை அதற்கு முட்டுக் கொடுத்தாள். "இது பொம்பளைங்க எடம். ஆம்பள யாரும் உள்ள வரக்கூடாது."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தான் நினைப்பது பிழையாகிப்போனால் நாளைக்கு இந்த வேலை இருக்காது, வீரய்யாவின் மருந்துக்கு யார் வீட்டுப் படியேறுவது? நினைப்பது சரியாக இருந்து, தான் வழிவிட்டுவிட்டால் இந்தப் பிள்ளை என்னாவது? இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். பிள்ளையின் மூச்சு கைக்குச் சூடாகப் பட்டது.

"சொந்தக்காரர்ன்னா சரிங்க ஐயா. பிள்ளைக்கு வீடு எங்கங்க?"

"வெலிமட" என்றார் அவர் சட்டென்று.

ரெங்கம்மா மனேஜரை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, இந்தப் பிள்ள ஹாலிஎலயில இருக்கு. ஒரு மணிக்கு எங்கிட்டத்தான் பஸ் கேட்டுச்சு."

மனேஜர் வெள்ளைச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார். "அது பழைய வீடு" என்று என்னவோ அவர் ஆரம்பித்தார். ரெங்கம்மா விடவில்லை. "குடிச்சிருந்தா என்ன, குடிக்காட்டி என்ன ஐயா, கூப்பிட்டா முழிக்கலைன்னா ஆஸ்பத்திரிதான். பத்தொன்பது தொண்ணூறுக்கு அடிங்க. இவரோட அனுப்பாதேங்கோ. நான் விடமாட்டன்."

மனேஜர் சிவசுப்பிரமணியமே போனை எடுத்து 1990க்கு அடித்து, அம்புலன்ஸ் வேண்டுமென்று விலாசம் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, "உதவி செய்யப் போனா இப்பிடித்தான்" என்று முனகிக்கொண்டு படியிறங்கியது. ரெங்கம்மாவுக்கு அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. "அஜந்தன், அந்த மேசையில பிள்ளையோட கிளாஸ் இருக்கும். அதக் கழுவாத! மேல ஒரு பீரிசக் கவுத்து மூடி வையி, ஒருத்தரையும் தொட விடாத." கழுவாத கிளாஸைக் கண்டால் ஆடித் தீர்க்கிறவள் வாயிலிருந்து இதைக் கேட்டு, அஜந்தன் தேநீர்க் கோப்பைப் பீரிசோடு ஓடினான்.

அம்புலன்ஸ் வரும்வரை அவள் ஈரத்தரையில் உட்கார்ந்து பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையில் போன் அடித்தது. திரையில் 'கேசினி அக்கா' என்று வந்தது. ஹாலிஎல அக்கா இவள்தான் என்று புரிந்து, எடுத்து விஷயத்தைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னாள். பிள்ளை கண்ணைப் பாதி திறந்தது. கண்ணில் ஒன்றும் தெரிந்ததாக இல்லை.

"அம்மாவோ?"

ரெங்கம்மா முகத்துக்குக் கிட்டக் குனிந்தாள். "ஓம் பிள்ளை" என்றாள். "ஒண்டுக்கும் பயப்பிடாதை. நான் இஞ்சைதான் இருக்கிறன்." நிவேதிகாவின் விரல்கள் அவளுடைய ஈர விரல்களைப் பிடித்துக்கொண்டன.

அந்தக் கையை விடாமல் அம்புலன்ஸிலும் ஏறி உட்கார்ந்தாள். ஒரு மணிக்கு நன்றாக நடந்தது, ஒன்று நாற்பதுக்குக் கால் மடிந்தது, ஒரு வைன்தான், வாயில் எதுவும் ஊற்றவில்லை என்று டாக்டரிடம் ஒப்பித்தாள். குடித்ததில் மருந்து கலந்திருந்தது பரிசோதனையில் பிறகு தெரிந்தது. மூடிய கிளாஸ் மூடியபடியே பொலிஸுக்குப் போனது. நிவேதிகா தெளிந்தபிறகு தானே முறைப்பாடு கொடுத்தாள். வழக்கு நடக்கிறது, கூப்பிடுகிற போதெல்லாம் ரெங்கம்மா நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய் வருகிறாள். ஹோட்டலில் யாரும் அவளைப் பாராட்டிப் பேசவில்லை. ஆனால் மறுவாரமே தரைக்கு ரோஜா வாச மருந்து வந்துவிட்டது. மனேஜர் அதை அவள் கையில் கொடுக்காமல், வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு போனார்.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை. யன்னலோர மேசைக்குக் கீழே துடைக்கக் குனிந்த ரெங்கம்மாவுக்குக் கால் இரண்டு தெரிந்தன. செருப்பு வாரில் அவளுடைய ஊக்கு இன்னும் குத்தியிருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். நிவேதிகா தனியாகத்தான் வந்திருந்தாள். முன்னால் ஒரு கிளாஸ் தேசிக்காய் ஜூஸ், இரண்டு வாய்தான் குறைந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுந்தது. கழிவறைப் பக்கம் பார்த்தது, கிளாஸைப் பார்த்தது, நிறைந்திருந்த மேசைகளைப் பார்த்தது. பிறகு இந்த மலைநாட்டில் பழகிக்கொண்ட தமிழில் சொன்னது: "கையக் கழுவிட்டு வந்துர்றேங்க அம்மா. இதக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"ஓம் பிள்ளை. போட்டு வாங்கோ."

ரெங்கம்மா கையை முன்சேலையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்துக் கிளாஸின் வாயை மூடினாள். மூலை மேசையில் ஏதோ கொட்டிவிட்டதென்று அஜந்தன் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். தேசிக்காய் வாசம் விரலிடுக்கால் மேலே வந்துகொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கழிவறைக் கதவு திறந்து, அந்த இரண்டு கால்களும் திரும்பி வரும்வரை அப்படியே நின்றாள்.