மன்னிப்புப் பாட்டு

கடைசிப் பாட்டை வெட்டிவிட்டேன் என்று நான் சொன்னபோது மைனி வாயில் ஒரு ஊக்கைக் கடித்தபடி தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள். பங்குக் கோயிலான எங்கள் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் நாடக ஒத்திகை. ஊக்கை எடுத்துவிட்டு, "அந்த மன்னிப்புப் பாட்டயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடியும் ஊக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று மாலை முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை.

மைனி என் அண்ணன் மனைவி. முட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊர். அவள் கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். நாடகத்தில் நாயகி வேடம் அவளுக்கு. ஒரு காலத்தில் எங்கள் திருவிழாவில் மூன்று இரவுகள் பாடி நடித்த நாடகம் அது. கப்பலோட்டி ஒருவன் யாரோ சொன்னதைக் கேட்டு, மனைவியைச் சந்தேகப்பட்டு ஆளில்லாத தீவில் விட்டுவிடுகிறான். அவள் குற்றமற்றவள் என்று வெகு காலம் கழித்துத் தெரிந்து, கூட்டிவரப் போகிறான். அப்போது முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுப் பாடுவது அவன் அல்ல, அவள். பிறகு இருவரும் கைகோத்து மங்களம் பாட, நாடகம் முடியும்.

நின்றுபோயிருந்த இந்த நாடகத்தைத் திரும்பப் போட வேண்டும் என்று கோயில் காரியங்களை நடத்தும் பங்குப் பேரவை முடிவெடுத்தது. நான் தமிழாசிரியை என்பதால், இந்தக் காலத்துக்கு ஏற்றபடி திருத்தும் வேலை என்னிடம் வந்தது. மூன்று இரவுகளை ஒரு மாலைப் பொழுதாகச் சுருக்கினேன். மீன் விற்கும் பெண்ணின் நிறத்தைக் கோமாளி கேலி செய்யும் இடங்களை எடுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடைசிப் பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். நாடகத்திலேயே மோசமான இடம் அது. நாடகத்திலேயே நல்ல மெட்டும் அதுதான். வலை பின்னுகிறவர்கள்கூட அதை முணுமுணுப்பார்கள். கணவன் மன்னிப்புக் கேட்பதாக மாற்றி எழுதிப் பார்த்தேன். கப்பலோட்டியாக நடித்த ஆட்டோக்காரருக்கு அந்தச் சுருதி எட்டவில்லை, என் வார்த்தைகளும் ஒட்டவில்லை. மெட்டை மட்டும் ஆர்மோனியத்தில் வாசிக்கச் சொன்னேன். சாவு வீட்டு பேண்டு போல இருந்தது. சலித்துப்போய்தான் வெட்டினேன்.

மறுநாள் ஒத்திகைக்கு நடந்து போகும்போது மைனி தானாகப் பேசினாள்.

"அந்தப் பாட்ட எடுக்காத மக்கா."

"தப்பு செய்யாதவ எதுக்கு மைனி மன்னிப்புக் கேக்கணும்?"

"நான் கேட்டேன்லா."

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னாள். அண்ணன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ போனில் அவளைப் பற்றித் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். விடுமுறையில் வந்தவன் எங்கள் அம்மாவின் முன்னால் அவளை முழங்காலில் முட்டுக்குத்தி மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறான். சொன்னது பொய் என்று பிறகு தெரிந்தும், அண்ணன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக்காக விடுதியில் இருந்தேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததே அந்த நடையில்தான்.

"கேக்கலன்னா பிள்ளையளத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? என்ன மாதிரி எத்தனையோ பேரு கேட்டிருக்காவ. நீ பாட்ட வெட்டிட்டா அது நடக்கலன்னு ஆயிருமா?"

"அப்போ மங்களமும் பாடுவியளா?"

"அது எனக்கு வராது," என்றாள்.

அந்தப் பேச்சிலிருந்துதான் நாடகத்தின் புது முடிவு அமைந்தது. திருவிழாவில் மைனி முட்டுக்குத்தி, பழைய வார்த்தைகள் ஒன்றுகூட மாறாமல் பாடினாள். கிழவிகள் கூடவே முணுமுணுத்தார்கள். பாட்டு முடிந்ததும் கப்பலோட்டி அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தரையில் கையூன்றித் தானே எழும்பி, சேலையைத் தட்டிவிட்டு, அவனைப் பார்த்தபடி நின்றாள். மங்களம் வரும் என்று கூட்டம் காத்திருந்தது. திரைதான் விழுந்தது. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார்கள். ஒரு கிழவி மேடைக்குப் பின்னால் வந்து மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விடுமுறையில் வந்திருந்த அண்ணன் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, "தொண்ட கட்டிற்றா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்று சொல்லி மைனி ஏறிக்கொண்டாள். வீட்டில் அவனே சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தானாம். வேறொன்றும் சொல்லவில்லையா என்று மறுநாள் கேட்டேன். "கருப்பட்டி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள்.

அடுத்த ஆண்டு பேரவையில் மங்களத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். "திருநாளும் அதுவுமா சனங்க சந்தோசமா வீட்டுக்குப் போணும் டீச்சர்," என்றார் பேரவைத் தலைவர். பேசிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்து அதற்குமேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மைனியை யாரும் கூப்பிடவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி பாடினாள்; நன்றாகவே பாடினாள். இன்றும் நாடகம் அப்படித்தான் நடக்கிறது, சுவரொட்டியில் என் பெயரோடு.

மைனி இப்போது குழித்துறையில் மகள் வீட்டில் இருக்கிறாள். திருவிழா நெருங்கும்போதெல்லாம் அவள் பாடிய வீடியோ ஒன்று ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் சுற்றும். யார் எடுத்ததோ, பாட்டு முடிந்ததும் நின்றுவிடுகிறது. கடைசி வரைக்கும் அவள் முட்டுக்குத்திதான் இருக்கிறாள். இப்படி ஒரு மனைவி அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கீழே எழுதுகிறார்கள். அது அப்படி முடியவில்லை என்று ஒன்றிரண்டு தடவை பதில் எழுதினேன். பிறகு விட்டுவிட்டேன்.

போன மாதம் அதை மைனிக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தாள்.

"பொறவு உள்ளது இல்லியா?"

"இல்ல மைனி. அதோட நிப்பாட்டிட்டாவ."

போனைத் திருப்பித் தந்தாள்.

"போட்டும். ஒங்கண்ணன் அத முன்னால இருந்து பாத்தாவல்லா," என்றாள்.